தங்கச்சிக்கு 26 வயதில் பிரஷர் 190. கிட்னி ரத்தக்குழாய் சுருக்கமாம், ஸ்டென்ட் வைக்கலாமா?

மேலூர்_அண்ணன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சிக்கு 26 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சில மாதங்களாகத் தலைவலி, அதுவும் காலையில் எழுந்ததும் பின்மண்டையில். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றும் சொன்னாள். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு உள்ளே லைட் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, "இது கண்ணாடி விஷயம் இல்லை. உள்ளே இருக்கிற ரத்தக்குழாயைப் பார்த்தால் பிரஷர் ரொம்ப நாளாக ஏறியிருக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். அங்கேயே பார்த்தார்கள், 190/110.

வீட்டில் யாரும் நம்பவில்லை. ஏனென்றால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவள் கடைப் பக்கம் நடந்த ஒரு இலவச முகாமில் பார்த்து, 126/80, நார்மல் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை. "கண் டாக்டருக்கு என்ன பிரஷரைப் பற்றித் தெரியும்" என்று எங்கள் பெரியப்பா வேறு.

அப்புறம் ஒரு பொது மருத்துவரிடம் போனோம். முதலில் அம்லோடிபின், பிறகு அதோடு டெல்மிசார்டான், அதற்கும் இறங்கவில்லை என்று நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்தார். மூன்றும் தவறாமல் போடுகிறாள். இருந்தும் 170, 180தான். வீட்டுக்கு ஒரு மிஷின் வாங்கினேன். அது ஒரு நாள் 178 காட்டுகிறது, மறுநாள் 130 காட்டுகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சண்டையே போட்டுவிட்டேன்.

கடைசியில் ஸ்கேன் எழுதினார்கள். வலது கிட்னி 8.3 செ.மீ., இடது 10.6. முதலில் பார்த்தவர், சில பேருக்குப் பிறவியிலேயே சிறிதாக இருக்கும் என்று விட்டுவிட்டார். இன்னொருவர் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன், எடுக்கச் சொன்னார். அதில் வலது கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் ஆரம்பத்திலேயே சுருங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.9, நார்மல்தானாம். பொட்டாசியம் 3.2.

இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், அடுத்த வாரமே ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வைத்துவிடலாம், தள்ளிப்போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும். நகையை வைத்தால் புரட்டிவிடலாம், அது பிரச்சினை இல்லை. ஆனால் 26 வயதுப் பெண்ணுக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம், அம்மா வெளியே சொல்லாதே என்று அழுகிறார்கள்.

யாருக்காவது இதில் அனுபவம் இருக்கிறதா? ஸ்டென்ட் வைத்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிடுமா?


வாடிப்பட்டி_வாத்தியார்:

தம்பி, மிஷினைக் குறை சொல்லும் முன் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவுடன் பட்டையைச் சுற்றினால் யாருக்கும் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிஷம் பேசாமல், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். சட்டைக் கை, சுடிதார் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் பார்க்கும்போது 135/85க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள்.

ஆனாலும் 130க்கும் 178க்கும் உள்ள தூரம் ரொம்ப அதிகம். மிஷினை மாற்றிவிடுங்கள்.


மூலிகை_நேசன்:

இங்கிலீஷ் மருந்து ஒன்று போட்டால் மூன்றாகும், மூன்று ஐந்தாகும். முருங்கைக்கீரை சூப், வெறும் வயிற்றில் பூண்டு, அதோடு அதிமதுரம், சீரகம் போட்டுக் கஷாயம். ஒரு மண்டலம் குடிக்கச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு 160 இருந்தது 130க்கு வந்துவிட்டது.


ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

தம்பி, நான் மதுரையில் கிட்னி வார்டிலும் பிறகு ஆஞ்சியோ செய்கிற கேத்லேபிலும் பாதி வாழ்க்கையைக் கழித்த நர்ஸ். இப்போது திருநகரில் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற வேலை. டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் விஷயம், அந்தக் கஷாயத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள். முருங்கைக்கீரை, பூண்டோடு எனக்குச் சண்டை இல்லை. அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கும், பிரஷரை ஏற்றும். தொண்டைக்கு நல்லது என்று தினமும் மென்றே பிரஷர் ஏறி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். உங்கள் தங்கச்சிக்கு ஏற்கெனவே பொட்டாசியம் 3.2, அதுவே குறைவு. இன்னொன்றும் கேளுங்கள், அந்த ரத்தப் பரிசோதனை நீர் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கும். அதற்கு முன்னாலேயே குறைவு என்றால் அது ஒரு துப்பு.

அடுத்து, நீங்கள் மிஷின் கடைக்காரரிடம் போட்ட சண்டை. மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்பது என் ஊகம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முகாமில் 126, கண் ஆஸ்பத்திரியில் 190, வீட்டில் ஒரு நாள் 178, ஒரு நாள் 130. எந்தக் கையில் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. இன்றைக்கு ராத்திரி தங்கச்சியை உட்கார வைத்து, வலது கையில் ஒரு தடவை, இடது கையில் ஒரு தடவை, மறுபடி வலது கையில் ஒரு தடவை பாருங்கள். மிஷினை வைத்துவிட்டு, உங்கள் மூன்று விரலை அவள் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். துடிப்பு இரண்டிலும் ஒரே பலத்தில் இருக்கிறதா?

பத்து வரைக்கும் வித்தியாசம் இருந்தால் பெரிய விஷயம் இல்லை. இருபதுக்கு மேல் தொடர்ந்து இருந்தால், ஒரு கைக்குப் போகும் குழாயிலும் சுருக்கம் இருக்கலாம். அப்படி இருந்தால் அந்தக் கை பொய் சொல்கிற கை. உள்ளே 190 ஓடும், அந்தக் கையில் 126 காட்டும்.

இதையும் அவளிடம் கேளுங்கள், நேரடியாக. துணி காயப்போடும்போது, தலை பின்னும்போது ஒரு கை மட்டும் சீக்கிரம் அசந்து வலிக்கிறதா? போன வருஷம் காரணம் தெரியாத காய்ச்சல், எடை குறைவு, மூட்டு வலி இருந்ததா? நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறதா?

நான் ஏன் இதைக் குடைகிறேன் என்றால், கிட்னி ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்பது பாதிச் செய்திதான். எந்த நோய் அதைச் சுருக்கியது என்பது மீதிப் பாதி. வைத்தியம் அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

வயதானவர்களுக்கு, பீடி சிகரெட் குடித்தவர்களுக்கு, சுகர் உள்ளவர்களுக்குக் கொழுப்புப் படிந்து சுருங்கும். மொத்தத்தில் பார்த்தால் பெரும்பாலான கேஸ் அதுதான். உங்கள் தங்கச்சிக்கு அது இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இளம்பெண்களுக்கு வருவது வேறு இரண்டு. ஒன்று, குழாய்ச் சுவரின் தசையே ஒழுங்கில்லாமல் வளர்ந்து, படத்தில் பார்த்தால் பாசிமணி கோர்த்த மாதிரி தெரிவது. அது பெரும்பாலும் குழாயின் நடுவிலும் கடைசியிலும் வரும். இன்னொன்று, பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்குவது, டகயாசு என்று பெயர். 1908-ல் ஜப்பானில் இதைப் பற்றி எழுதிய டகயாசு ஒரு கண் மருத்துவர். ஒரு இளம்பெண்ணின் கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் விசித்திரமாக இருப்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார். உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் சின்ன வயதில் கிட்னிக் குழாய் சுருங்கிப் பிரஷர் வருகிறவர்களில் டகயாசுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அது பெரும்பாலும் குழாயின் ஆரம்பத்திலேயே பிடிக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 'ஆரம்பத்திலேயே' என்றுதான் இருக்கிறது.

குழாய் சுருங்கினால் பிரஷர் ஏன் ஏற வேண்டும் என்று வார்டில் எல்லாரும் கேட்பார்கள். மேலூர்க்காரருக்குச் சுலபமாகப் புரியும். பெரியாறு வாய்க்கால் கடைமடையில் ஒருவர் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போடுகிறார், மேலே ஷட்டரைக் கூடுதலாகத் திறக்கிறார்கள். அவர் மடை வாயில் மண் அடைத்துக் கிடப்பது திறக்கிறவருக்குத் தெரியாது. ஊர் முழுக்கத் தண்ணீர் பாயும், அவர் வயல் மட்டும் அரைகுறையாக நனையும். அந்தக் கிட்னி போடும் சத்தத்துக்குப் பெயர் ரெனின். அது ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை உண்டாக்கும், அந்தப் பொருள் உடம்பு முழுக்க உள்ள குழாய்களை இறுக்கும், உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். 1934-ல் அமெரிக்காவில் கோல்ட்பிளாட் என்பவர் நாயின் கிட்னிக் குழாயில் ஒரு கிடுக்கியைப் போட்டு இறுக்கி, பிரஷர் ஏறுவதைக் காட்டினார். ரத்தம் குறைவாகப் போகிற கிட்னி காலப்போக்கில் சுருங்கவும் செய்யும். இரண்டு கிட்னிக்கும் நீளத்தில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் பிறவி என்று உடனே விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு 2.3.

டாப்ளர் ரிப்போர்ட்டில் பி.எஸ்.வி. என்று ஒரு எண் இருக்கும், ரத்தம் எவ்வளவு வேகமாகப் பீறிடுகிறது என்பது. நொடிக்கு 200 செ.மீ.க்கு மேல் என்றால் கணிசமான சுருக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். வயிற்றில் காற்று இருந்தாலோ, எடுக்கிறவர் கை பழகாததாக இருந்தாலோ டாப்ளர் தடுமாறும். அதனால் அடுத்து சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். குழாய் படத்தில் தெரிவதற்காக அதற்கு ஒரு சாய மருந்து ஏற்றுவார்கள், கிரியேட்டினின் 0.9 என்பதால் அதில் பெரிய பயம் இல்லை. ஆனால் வயிற்றை மட்டும் எடுக்காமல் கழுத்து, கை, வயிறு எல்லாக் குழாயும் தெரிகிற மாதிரி எடுக்கணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூடவே இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்.

ஒருவேளை டகயாசுவாக இருந்து, அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டென்ட் வைத்தால் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். முதலில் அழற்சியை அடக்க வேண்டும். அதனால் நகையை இப்போதைக்குப் பீரோவிலேயே வையுங்கள். கிட்னி டாக்டர் ஒருவரைப் பாருங்கள். பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. எல்லா ரிப்போர்ட்டும், படத் தட்டும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், ஓ.பி. சீட்டுக்குக் கூட்டம் இருக்கும்.

மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். 180/120க்கு மேல் போய், கூடவே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை போனாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ கம்ப்யூட்டரில் வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், 108.


மேலூர்_அண்ணன்:

சிஸ்டர், கையெல்லாம் நடுங்குகிறது. வலது கை 182. இடது கை 124. மறுபடி வலது கை 178. இடது மணிக்கட்டில் துடிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் ஆனது, அம்மா பார்த்தும் கிடைக்கவில்லை. வலது கையில் தொட்டதும் தெரிகிறது.

நீங்கள் கேட்டதை அவளிடம் கேட்டேன். இடது கை தலை பின்னும்போது மரத்துப்போகும், பின்னலை நடுவில் நிறுத்திக் கையைக் கீழே தொங்கவிட்டுத்தான் மறுபடி பின்னுவேன் என்கிறாள். இத்தனை நாள் எங்களிடம் சொல்லவே இல்லை. பில் போடுகிற கை வலது என்பதால் வேலையில் தெரியவில்லையாம். போன வருஷம் சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் வந்தது, எடையும் குறைந்தது. டி.பி.யாக இருக்குமோ என்று சளி டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்ததும் விட்டுவிட்டோம்.

முகாமில் எந்தக் கை என்று கேட்டேன். சுவர் ஓரமாக நாற்காலி இருந்ததால் இடது கையைத்தான் நீட்டினாளாம். பொட்டாசியம் டெஸ்ட் நீர் மாத்திரைக்கு முன்னால் எடுத்தது, தேதி பார்த்துவிட்டேன்.


சோழவந்தான்_சேகரிப்பு:

இந்தப் பேச்சில் குறுக்கே வருகிறேன், என் அப்பாவுக்கும் இதே 'கிட்னிக் குழாய் சுருக்கம்'தான். ஆனால் கதை வேறு. அவருக்கு அப்போது 68 வயது, பதினைந்து வயதிலிருந்து பீடி, பதினெட்டு வருஷமாகச் சுகர். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பிரஷர் 220, நுரையீரல் முழுக்க நீர். ஆஸ்பத்திரியில் நீரை எடுத்தார்கள், இதயம் நன்றாகத்தான் சுருங்கி விரிகிறது என்றார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே மாதிரி ராத்திரி.

இடையில் ஒரு டாக்டர் பிரஷருக்கு டெல்மிசார்டான் கொடுத்தார். போட ஆரம்பித்தபின் கிரியேட்டினின் 1.4 இருந்தது 2.9 ஆகிவிட்டது. நல்ல வேளை, இன்னொரு டாக்டர் அந்த ஏற்றத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டு, "இரண்டு பக்கமும் அடைப்பு இருக்கணும்" என்று சொல்லித் தேடினார். இரண்டு கிட்னிக்கும் குழாய் வாயிலேயே கொழுப்பு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கப்புறம் அந்த ராத்திரி மூச்சுத் திணறல் வரவில்லை. கிரியேட்டினின் 1.8ல் நிற்கிறது.

ஆனால் மாத்திரை நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரஷருக்கே இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், சுகருக்குத் தனி. பீடியை மட்டும் விட வைத்துவிட்டோம், ஆற்றங்கரைப் பக்கம் போகும்போது என்ன செய்கிறார் என்று தெரியாது.

சிஸ்டர், ஒரு சந்தேகம். ஸ்டென்ட் வைப்பதே வீண், மாத்திரை போதும் என்று வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு உறவினர் சொல்கிறார். அப்படியானால் எங்கள் அப்பாவுக்கு வைத்தது தப்பா?


ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

தப்பில்லை தம்பி. உங்கள் உறவினர் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் யாருக்கு என்பதை விட்டுவிட்டுச் சொல்கிறார்.

ஒரு காலத்தில் இதய ஆஞ்சியோ பண்ணும்போதே குழாயைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கிட்னிப் பக்கமும் ஒரு படம் எடுத்துவிடுவார்கள். சுருக்கம் தெரிந்தால் ஸ்டென்ட். படத்தில் பார்க்க அழகாகத் திறந்துகொள்ளும், எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் பெரிய ஆய்வுகள் வந்தன. 2009-ல் ஆஸ்ட்ரல், 806 பேர். 2014-ல் கோரல், 947 பேர். கொழுப்பு அடைப்பு உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும், இன்னொரு பிரிவுக்கு மாத்திரையோடு ஸ்டென்டும். வருஷக்கணக்கில் பார்த்ததில், சாவு, மாரடைப்பு, கிட்னி கெடுவது எதிலும் ஸ்டென்ட் வைத்த பக்கத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. அதனால் கொழுப்பு அடைப்பு, பிரஷர் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது, கிரியேட்டினின் நிலையாக இருக்கிறது என்றால் இன்றைக்கு நல்ல டாக்டர் யாரும் ஸ்டென்டுக்கு அவசரப்பட மாட்டார். மாத்திரை, கொழுப்பு மருந்து, புகை நிறுத்தம், சுகர் கட்டுப்பாடு, இவ்வளவுதான்.

உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறவர்கள், முழு அளவில் மூன்று நான்கு மருந்து போட்டும் பிரஷர் அடங்காதவர்கள், கண்ணெதிரே கிட்னி வேகமாகக் கெட்டுக்கொண்டு வருகிறவர்கள், இவர்களுக்குத் திறந்துவிட்டால் பலன் உண்டு என்று இன்றும் செய்கிறார்கள். அந்த ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்கள் குறைவாகவே இருந்தார்கள்.

டெல்மிசார்டானைப் பற்றியும் ஒரு வார்த்தை, படித்துவிட்டு யாராவது பயந்து நிறுத்திவிடுவீர்கள். சத்தம் போடுகிற ரெனினின் வாயை அடைக்கிற மருந்து அதுவும் எனாலப்ரிலும்தான். ஒரு பக்கம் மட்டும் சுருக்கம் என்றால் அது நல்ல மருந்தே. இரண்டு பக்கமும் சுருக்கம், அல்லது இருப்பதே ஒரு கிட்னி என்றால்தான் ஆபத்து. எப்படியானாலும் ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தே ஆக வேண்டும். கிரியேட்டினின் முன்பைவிட 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இந்த டெஸ்ட்டை நம் ஊரில் பாதிப் பேர் எடுப்பதில்லை. மெடிக்கலில் பழைய சீட்டை நீட்டி வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அதோடு முட்டி வலிக்கு என்று அங்கேயே டைக்ளோபினாக்கும் வாங்குவார்கள். பிரஷரையும் ஏற்றி, கிட்னியையும் கெடுக்கிற மாத்திரை அது.

மேலூர்த் தம்பிக்கு: பாசிமணி வகையாக இருந்திருந்தால் நானே பலூன் போட்டுக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். அதற்கு ஸ்டென்ட்கூட வேண்டாம், பலூனால் விரித்தாலே பெரும்பாலும் போதும், சின்ன வயதுக்காரர்கள் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போவதும் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன இடது கையை வைத்துப் பார்த்தால் இது அது மாதிரி இல்லை. ரிப்போர்ட் வரட்டும். இனிமேல் வலது கையில் மட்டும் பிரஷர் பாருங்கள்.


மேலூர்_அண்ணன்:

எல்லாருக்கும் ஒரு தகவல். கிட்னி டாக்டரைப் பார்த்தோம். போனதும் அவர் செய்த முதல் வேலை, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தது. பிறகு கழுத்து, கணுக்கால், தொடை இடுக்கு. தொப்புளுக்கு மேலே ஸ்டெத்தை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கூட நின்ற பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் கேட்க வைத்தார். சுருங்கிய குழாயில் ரத்தம் பீறிடுகிற உஸ் உஸ் சத்தம் வருகிறதாம். என் தங்கச்சிக்கு வெட்கம் தாங்கவில்லை.

இ.எஸ்.ஆர். 62, ரொம்ப அதிகமாம். சி.டி. ஆஞ்சியோவில் இடது கைக்குப் போகும் குழாய் நன்றாகச் சுருங்கியிருக்கிறது, வலது கிட்னிக் குழாய் ஆரம்பத்தில் 80 சதவீதம், பெருந்தமனிச் சுவர் தடித்திருக்கிறது. இடது கிட்னிக் குழாய் நன்றாக இருக்கிறது. சிஸ்டர் சொன்ன அதே பெயர்தான், டகயாசு. மூட்டு வாத டாக்டரிடமும் அனுப்பினார்கள், அவர்தான் இனிமேல் முக்கியமாகப் பார்ப்பாராம். டி.பி. இல்லை என்று நெஞ்சு எக்ஸ்ரேயும் தோல் ஊசி டெஸ்ட்டும் எடுத்து உறுதி செய்துகொண்டு ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்கிறார்கள், கூட இன்னொரு மாத்திரையும். அழற்சி அடங்கினபின் பலூன் வைக்கலாமா என்று பார்ப்போம், இப்போது வேண்டாம் என்கிறார்கள். அப்போது முதல்வர் காப்பீட்டு அட்டையில் செய்ய முடியுமா என்று கவுண்டரில் விசாரித்து வைத்திருக்கிறேன். வருமானச் சான்று புதிதாக வாங்க வேண்டும்.

டெல்மிசார்டான் தொடரச் சொல்லிவிட்டார்கள், ஒரு பக்கம்தான் என்பதால். வலது கையில் இப்போது 150 பக்கம் இருக்கிறது.

இரண்டு கேள்வி சிஸ்டர். ஸ்டீராய்டு போட்டால் முகம் ஊதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அவள் அதைக் கேட்டுவிட்டு மாத்திரையை ஒளித்து வைக்கிறாள். அப்புறம், கல்யாணப் பேச்சை என்ன செய்வது?


ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

முகம் கொஞ்சம் உப்பும், உண்மைதான். அளவைக் குறைக்கக் குறைக்க வடியும். அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பொய் சொன்னால் கண்ணாடியில் பார்த்த அன்றைக்கே மாத்திரை குப்பைக்குப் போய்விடும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, மயக்கம், பிரஷர் இறக்கம் என்று ஆஸ்பத்திரியில் போய் நிற்கும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பசி எடுக்கும், சுகர் ஏறலாம், பிரஷரும் ஏறலாம், அதனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மாவுக்குக் கோபம் வரும், வரட்டும். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பலூனுக்குப் போகும் நாள் வந்தால் அவளுக்கு ஒன்று சொல்லிவையுங்கள். தொடையிலோ கையிலோ மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், முழித்துக்கொண்டுதான் இருப்பாள். பலூன் விரியும்போது விலாப் பக்கம் வலித்தால் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும். வலி கடுமையானால் குழாய் கிழிந்துவிடக் கூடாது என்று டாக்டர் நிறுத்துவார், அந்த வலிதான் அவருக்கு அளவுகோல். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் பிரஷர் சட்டென்று இறங்கலாம், அதனால் அன்றைக்கு மாத்திரையை அவர்கள் சொன்னபடி மட்டும்.

கல்யாணம் பற்றி நான் சொல்ல முடிந்தது மருத்துவப் பக்கம் மட்டும்தான். டகயாசு உள்ள பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், ஆனால் நோய் அடங்கி, பிரஷர் கட்டுக்குள் வந்தபின், டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். டெல்மிசார்டான் கர்ப்பத்தில் கூடவே கூடாது, வயிற்றுக் குழந்தையின் கிட்னியைக் கெடுக்கும். ஸ்டீராய்டோடு கொடுத்த அந்த இன்னொரு மாத்திரை எது என்று பார்த்து, அதற்கும் இதையே கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் என்றால் அதுவும் கூடாது. கல்யாணம் நிச்சயம் ஆகிற நாளில் இந்த மாத்திரைகளை மாற்றுகிற பேச்சும் தொடங்கிவிட வேண்டும், நாள் தள்ளிப்போனபின் ஓடக் கூடாது. அதனால் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வைக்கிற யோசனையை அம்மா விட்டுவிட வேண்டும். தெரிந்து வருகிறவன் வரட்டும்.

அப்புறம் அவள் ஃபைல் அட்டையின் மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதுங்கள்: 'பிரஷர் வலது கையில் மட்டும் பார்க்கவும்'. பிரசவ வார்டானாலும் முகாமானாலும், இடது கையை நீட்டச் சொல்கிற ஒருவர் எங்காவது இருப்பார்.